வைத்த இடத்தில் இருந்தது கர்சர்

டீ குடித்துவிட்டு மாடியேறி வந்த குருபிரசாத், நாற்காலியில் உட்காரும் முன்பே குனிந்து திரையைப் பார்த்தான். கர்சர் அவன் விட்டுப்போன வரியில், விட்டுப்போன எழுத்தின் அடியிலேயே துடித்துக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. அப்பாடா என்று நாற்காலியை இழுத்துப் போட்டவனுக்கு, சற்று மேலே இருந்த ஓர் எண் கண்ணில் பட்டது. காலையில் தன் கையாலேயே எட்டு என்று அடித்த இடத்தில் பதினெட்டு என்று இருந்தது.

கை தவறி அடித்திருப்போம், வேறென்ன. மேலே போய் அந்த ஒன்றை அழித்தான். எட்டு ஆயிற்று. கர்சரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுச் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். வெளியே கார்த்திகை மழை நாள் கணக்காகக் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே இப்படி வேர்ப்பானேன் என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. உடைந்த குழாயிலிருந்து சுவரோடு வழிந்து இறங்கும் தண்ணீர், கீழே கடையிலிருந்து ஏறிவரும் டிஞ்சர் நெடி, தேங்கிய வெள்ளத்தில் ஹாரன் அடித்தபடி ஊர்ந்து போகும் பஸ்கள், இவை எல்லாவற்றுக்கும் அடியில், சன்னலைச் சாத்தினாலும் விடாமல் கேட்கிற தாமிரபரணியின் இரைச்சல், வாழைகளையும் கூரைகளையும் வேரோடு இழுத்துக்கொண்டு கொக்கிரகுளம் பக்கம் திரும்பும் செந்நிறத் தண்ணீரின் இரைச்சல். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. மெலிதாக, அவிந்த நெல்லின் வாசனை. அந்தத் தெருவில் நெல் அவிக்கிற மில் எதுவும் கிடையாது.

மறுநாள் காலையில் அவன் ஆழ்வார்குறிச்சிக்குப் போகவேண்டும். அங்கே ஓர் அரிசி மில்லில் பாய்லருக்குக் காவல் வைக்கிற ப்ரோக்ராம் அது. நீராவியின் அழுத்தம் எட்டைத் தொட்டதும் அடுப்பில் உமி விழுவதை நிறுத்தும், அபாயச் சங்கை ஊதவைக்கும், நீராவியைத் திறந்துவிடும். தொண்ணூற்றாறாம் வருஷத்தில் அந்த வட்டாரத்து மில்காரர்களுக்கு அது பெரிய அதிசயம். அதன் தலைப்பிலும் உள்ளே ஏகப்பட்ட இடங்களிலும் குருபிரசாத் என்று பெயர் இருந்தது. காலை வரைக்கும் அந்த இடங்களிலெல்லாம் நேசையா என்று இருந்தது.

நேசையா அவனுடைய கூட்டாளி. பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். வேலை எல்லாம் நேசையாவின் பங்கு, பேச்செல்லாம் குருபிரசாத்தின் பங்கு. அந்த நேசையாவுக்கு ஓர் எரிச்சல் உண்டு. எடிட்டரில் ஒரு சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் மாற்றச் சொன்னால், கர்சர் ஃபைல் முழுக்க ஓடிக் கடைசியாக மாற்றிய இடத்தில் போய் நின்றுவிடும். "ஒரு எடத்துல நின்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். என்னயக் கேக்காம எங்கனயோ கொண்டுபோய் விட்டுட்டா, நான் எங்க இருந்தேன்னு எப்படிலே தேடுவேன்?" என்று கத்துவான். அதற்காகவே ராப்பகலாக உட்கார்ந்து எடிட்டருக்குள் ஒரு சின்ன வேலை செய்து வைத்தான். எஃப் ஒன்பது கீயை அமுக்கினால் போதும். எதை எடுத்துவிட்டு எதைப் போடவேண்டும் என்று கடைசியாகச் சொல்லியிருந்தோமோ, அதை ஃபைல் முழுக்கச் செய்து முடித்துவிடும். கர்சர் இம்மியும் அசையாது. திரைகூடச் சிமிட்டாது.

அவனிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. எழுந்து போகும்போது கர்சரை ஏதாவது ஓர் எழுத்தின் அடியில் வைத்து, அதை மனதில் குறித்துக்கொண்டு போவான். வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து அதைப் பார்ப்பான். வைத்த இடத்தில் இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். "இதுதாம்லே என் பூட்டு," என்று சிரிப்பான். அந்தப் பூட்டுக்குத் தானே ஒரு கள்ளச்சாவி செய்து எஃப் ஒன்பதில் மாட்டி வைத்திருக்கிறோம் என்பது அவ்வளவு பெரிய மூளைக்குத் தோன்றவே இல்லை.

குருபிரசாத்துக்குத் தோன்றியது.

முக்கூடலில் மில் வைத்திருக்கும் தில்லைநாயகம் அண்ணாச்சி, தனக்கும் தன் சொந்தக்காரர்களுக்கும் உள்ள எல்லா மில்லுக்கும் நேசையாவே செய்யட்டும், அவன் தனியாகத் தொழில் வைக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நேசையாவும் சரி என்று சொல்லிவிட்டு வந்தான். அன்று மத்தியானம் அவன் சாப்பிடப் போனபோது, திறந்து கிடந்த ஃபைலின் முன்னால் குருபிரசாத் நின்றான். உட்காரக்கூட இல்லை. எட்டை எடு, பதினெட்டைப் போடு என்று சொல்லி எஃப் ஒன்பதை அமுக்கினான். நேசையா கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான், குனிந்தான், கர்சரைப் பார்த்தான், திருப்தியாக உட்கார்ந்தான். அன்று வேலை முடிந்ததும் ஃபைலைச் சேமித்தது அவன் கைதான். இதைக் குருபிரசாத் பலமுறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

முக்கூடல் மில்லில் ஓட்டிக் காட்டும்போது நாலு பேர் முன்னால் சங்கு ஊதாமல் போகும், சிரிப்பார்கள், அண்ணாச்சி முகத்தைச் சுளிப்பார். அவன் வேண்டியது அவ்வளவுதான். ஆபத்துக்குத் தானே திறக்கவேண்டிய பாய்லரின் பழைய வால்வு துருவேறி இறுகிப்போயிருந்தது யாருக்குத் தெரியும்? முள் எட்டைத் தாண்டியது. உமி தள்ளுகிறவர் ஓடிவந்துவிட்டார். கூடியிருந்தவர்கள் எல்லாம் முற்றத்துக்குப் பின்வாங்கினார்கள். நேசையா மட்டும் பாய்லர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பயப்படாதிய, இப்ப ஊதும் பாருங்க," என்றான். தான் எழுதியதன் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. வெளியே காருக்குப் பக்கத்தில் நின்றிருந்த குருபிரசாத்துக்கு, வந்துருலே என்ற கத்தல் தொண்டை வரைக்கும் வந்தது. கத்தினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அதை விழுங்கினான். நேசையா கடைசிவரை, பாய்லர் வெடிக்கும்வரை நகரவில்லை.

இப்போது நேசையா சுவரில் இருக்கிறான். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று குருபிரசாத் பெரிதாகப் படம் செய்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பும் எரியவிட்டிருந்தான். இன்று காலை எண்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினான். அதற்கு எஃப் ஒன்பதைத் தொட அவனுக்கு என்னவோபோல இருந்தது. பெயரை மாற்றும்போது அந்தக் கூச்சமும் விட்டுப்போயிற்று. நேசையாவை எடு, குருபிரசாத்தைப் போடு என்று சொல்லி அமுக்கினான். திரை சிமிட்டவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சேலை முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள் ஜெபகனி, நேசையாவின் அக்கா. பள்ளிக்கூடத்தில் டீச்சர். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தம்பி போனபிறகு இந்த மாடிக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

"வாங்கக்கா. இந்த மழையில எதுக்கு? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேன்லா."

"நீ வரமாட்ட தம்பி. அடக்கத்துக்கே வரலியே."

உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குக் காலைல முக்கூடலுக்குப் போற வழியில பூத்துல இருந்து எனக்குப் பேசுனான். நீ மொகம் குடுத்துப் பேசலன்னு அவனுக்கு ஒரே வருத்தம். ஏதும் கோளாறு பண்ணி வச்சிருப்பானோன்னு நாந்தான் கேட்டேன். சீ, அப்படிலாம் இல்லக்கா, கர்சர் வச்ச எடத்துலயே இருந்துச்சு, யாரும் தொடலன்னான். சந்தோசமாச் சொன்னான் தம்பி. அந்தப் பேச்சத்தான் தெனமும் போட்டு மென்னுக்கிட்டே இருக்கேன். நீ தொட்டியா?"

"நெல்லையப்பர் சத்தியமா இல்லக்கா."

நாக்கு குழறவில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு கீயை அமுக்கினால் எல்லாம் தன்னால் மாறும் என்று தம்பி சொல்வானே, அது எது என்று கேட்டாள். அவன் காட்டினான். பேச்சு மாறியதே போதும் என்று இருந்தது அவனுக்கு. சாக்பீஸ் படிந்த விரலை எஃப் ஒன்பதின் மேல் வைத்து, குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி தடவினாள்.

"அமுக்கட்டா?"

"அமுக்குங்க. ஒண்ணும் ஆகாதுக்கா. காலைலயே எல்லா எடத்துலயும் பேர மாத்தியாச்சு." சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"யாரு பேர எடுத்த?"

அவன் கண் சுவரில் இருந்த படத்துக்குப் போய்த் திரும்பியது.

"என் தம்பி பேர எடுத்துட்டு யாரு பேரப் போட்ட?"

"என் பேருக்கா. நாளைக்கு ஒரு எடத்துக்குக் கொண்டு போகணும், அதான். சும்மா ஒரு எழுத்துதானே."

ஜெபகனி விரலை எஃப் ஒன்பதிலிருந்து எடுக்கவில்லை. "பழிவாங்கப்படாதுன்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கு," என்றாள். "முழங்கால் போட்டு ஜெபம் பண்ணத்தான் போவேன். ஆனா வாயில வேற வருது. செஞ்சவன் உக்காந்த எடத்துலயே இருந்து வேகணும் ஆண்டவரே, என் பிள்ள வெந்த மாதிரி வேகணும், அவன் பக்கத்துல யாரும் வரப்படாதுன்னுதான் வருது. என் தம்பி இருந்த எடத்துலலாம் நீயா? சரி. அப்படியே ஆகட்டும்."

அமுக்கினாள். சின்னதாகக் 'டக்' என்று ஒரு சத்தம். திரையில் ஒன்றும் ஆகவில்லை. அவள் போய்விட்டாள். செருப்புச் சத்தம் படியிறங்கித் தெருவில் மழையோடு கலந்துபோயிற்று.

கிறுக்கச்சி, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். என்ன தெரியும் அவளுக்கு? ஒன்றும் தெரியாது. ஃபைலைச் சேமித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம் என்று திரையைப் பார்த்தவனுக்கு, நெல் அவிகிற வாசனை இப்போது மெலிதாக இல்லை. பானையைத் திறந்த மாதிரி மூக்கில் ஏறியது. கண்ணாடித் திரையில் ஆவி படிந்து, ஓரமாகத் துளி திரண்டு கீழே ஓடியது. அந்தத் துளி ஓடிய தடத்தின் வழியே பார்த்தான். மேலே எட்டு இருந்த இடத்தில் பதினெட்டு. அவன் பார்க்கப் பார்க்கவே அதற்குக் கீழே இன்னொரு வரியில் எட்டுக்கு முன்னால் ஒன்று வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொரு வரி. கர்சருக்கு மேலேயும் கீழேயும் வரிகள் மாறிக்கொண்டே போயின. கர்சர் மட்டும் நட்ட கல்லாக அங்கேயே துடித்தது. எந்தக் கீயை அமுக்கினாலும் அதை அசைக்க முடியவில்லை.

சுவிட்சை அணைக்கக் கை நீட்டியபோது கரண்டு போயிற்று.

யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்தது. மின்விசிறி நின்றுவிட்டது, தெரு விளக்குகள் இல்லை, எதிர்க்கடையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். திரை மட்டும் அணையவில்லை. சுவரில் சிவப்பு பல்பும் அணையவில்லை. அந்த வெளிச்சத்தில் படத்தைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

மாலைக்குள் இருந்தது அவன் முகம்.

கல்யாணத்துக்கு எடுத்த படம் அது. நெற்றியில் திருநீறு, கோணலான சிரிப்பு. சட்டகம் அதேதான், மாலை அதேதான், ஆணிகூட அதேதான். ஆள் மட்டும் மாறியிருந்தான்.

டெலிபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தான். மனிதக் குரல், எந்தக் குரலாவது. தில்லைநாயகம் அண்ணாச்சி.

"என்னவே நேசையா, அங்கன கரண்டு இருக்கா?"

"அண்ணாச்சி, நான் குருபிரசாத் பேசுதேன். குருபிரசாத்!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "அவன் நெனப்பு ஒமக்கு இன்னும் போகல. மனசத் தேத்திக்கிடும்வே. அன்னைக்கு அந்தக் காருகிட்ட நின்னு, வந்துருலே குரு, வந்துருலேன்னு தொண்ட கிழியக் கத்துனீரு. நாங்க எல்லாரும் கேட்டோம். அவன்தான் நகரல. சங்கு ஊதும் ஊதும்னு அங்கனயே நின்னுட்டான். நீரு என்ன செய்வீரு?"

"நான் கத்தலியே," என்றான் குருபிரசாத். அது உண்மை. இதுவரைக்கும் அவன் வாயிலிருந்து அந்த மில்லைப் பற்றி வந்த ஒரே உண்மை அதுதான். போன் கட்டாகிவிட்டது.

வீட்டு நம்பரைச் சுழற்றினான். விரல் வழுக்கியது. மறுபடி சுழற்றினான். எடுத்தாள் விஜயஸ்ரீ, அவன் மனைவி.

"விஜி, நாந்தான். கதவப் பூட்டிட்டு உடனே இங்க வா. எனக்கு என்னமோ ஆகுது விஜி."

"சொல்லுங்கண்ணே," என்றாள். அழுது அழுது தேய்ந்துபோன குரல். அவன் அவளிடம் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. "சரிண்ணே. இல்லண்ணே, எனக்கு ஒண்ணும் செரமமில்ல. அவுக படத்துக்கு வெளக்கேத்தணும்லா, ஜெபகனி அக்காவையும் கூட்டிக்கிட்டு வாரேன். நீங்க இல்லன்னா நான் இத்தன நாளு என்ன ஆகியிருப்பேன் நேசையாண்ணே..."

"விஜி! ஏட்டி விஜி!"

அவள் வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிறுத்தி, கேட்டு, ம் என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

வெளியே ஓடவேண்டும். தெருவில் மழை இருக்கிறது, மருந்துக்கடைக்காரன் இருக்கிறான், பெயர் சொல்லிக் கூப்பிட யாராவது இருப்பார்கள். எழுந்தான். எழவில்லை. கால் இருக்கிறது, தெரிகிறது, ஆனால் அது அவன் பேச்சைக் கேட்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து உன்னினான். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு நூல்கூட நகர முடியவில்லை.

அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார்த்தான். அதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று. நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில். கார்க் கதவு சுட்டது. மில்லுக்குள் நேசையா. ஆமாம், அப்படித்தான். காருக்குப் பக்கத்தில்.

கையில் கம்பி.

இல்லை. கார்க் கதவு.

கையில் கம்பி. பாய்லர் பக்கத்துக் கம்பி. பிசுபிசுப்பு. உமித் தூசி. முகத்தில் அடுப்பின் அனல். முள் எட்டைத் தாண்டுகிறது. எல்லாரும் பின்னால் போகிறார்கள். தூரத்தில், வெயிலில், காருக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று கையை ஆட்டிக் கத்துகிறான். வந்துருலே குரு! வந்துருலே! நேசையாவின் குரல். அவன் கத்துகிறான். அவன் கத்தியிருப்பான்.

ஒன்பது. பத்து.

இரும்பு உறுமியது. அலுவலகத்திலா, மில்லிலா? தெரியவில்லை. ஆவி. அறை முழுக்க வெள்ளை ஆவி. கீபோர்டின் மேல் கிடந்த கையைப் பார்த்தான். தோல் வெளுத்து, ஊறி, வெந்த நெல்லின் உமியாகப் பிரிந்துகொண்டிருந்தது. வலி அதற்குப் பிறகு வந்தது. கத்தினான். சத்தம் வரவில்லை. அன்றைக்கு விழுங்கிய கத்தல் தொண்டையில் குறுக்கே நின்றுகொண்டு, இதை வெளியே விடவில்லை.

படியில் செருப்புச் சத்தம். ஒரு ஜோடி இல்லை.

கதவு திறந்தது. முதலில் விஜயஸ்ரீ. நெற்றியில் பொட்டு இல்லை, திருநீறு மட்டும். அடுத்து ஜெபகனி. கடைசியாக, குடையை உதறி மடக்கிக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேசையா. முழுசாக. முகத்தில் ஒரு தழும்பு இல்லை.

அவர்கள் படத்துக்கு முன்னால் அகல் வைத்தார்கள். விஜயஸ்ரீ தீக்குச்சி கிழித்தாள். நேசையா தன் உள்ளங்கையைக் குவித்துச் சுடருக்குக் காற்றுப் படாமல் மறைத்தான். "மடப்பய," என்றான் படத்தைப் பார்த்து. அவன் கண் நிறைந்துவிட்டது. "கத்துனேனேலே. கேக்கலியேலே."

விஜி, என்றான் குருபிரசாத். விஜி, இங்க பாரு. அவள் அவனைத் தாண்டி நடந்துபோய்ச் சன்னலைச் சாத்தினாள். அவள் முந்தானை அவன் வெந்த தோளில் உரசியது. அவள் நிற்கவில்லை.

ஜெபகனி நின்றாள்.

அவள் மட்டும் நாற்காலியைப் பார்த்தாள். நேராக, அவன் கண்ணுக்குள். தம்பியின் வெந்த முகத்தை அடையாளம் காட்டியபோது எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படி, ஒன்றையும் விடாமல், மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவன் உதட்டை அசைத்தான். அக்கா. நாந்தான் தொட்டேன் அக்கா. நாந்தான். அவள் காதில் அது விழுந்தது. விழுந்ததை அவன் அவள் முகத்தில் கண்டான்.

"என்னக்கா அங்கனயே பாக்க?" என்றான் நேசையா.

"ஒண்ணுமில்லய்யா. நெல்லு அவியுற வாசன."

"மழைக்கு எங்கருந்தோ வருது." நேசையா மேசைப் பக்கம் வந்தான். வழக்கம்போல் குனிந்து, கண்ணைச் சுருக்கி, கர்சர் எந்த எழுத்தின் அடியில் இருக்கிறது என்று பார்த்தான். அவன் கன்னம் குருபிரசாத்தின் கன்னத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தது. அவன் முகம் தெளிந்தது. "வச்ச எடத்துலயே இருக்கு. யாரும் தொடல," என்றான்.

"அப்ப அப்படியே இருக்கட்டும். அணைக்காத," என்றாள் ஜெபகனி.

கதவைச் சாத்தினார்கள். பூட்டுகிற சத்தம். படியிறங்குகிற சத்தம். விஜயஸ்ரீ கீழே ஏதோ கேட்க, நேசையா பைய பதில் சொல்கிற சத்தம். மழை. ஆறு.

பதினொன்று. பன்னிரண்டு.

சங்கு ஊதினால் போதும். ஊதினால் உமி நிற்கும், ஆவி திறக்கும், எல்லாம் முடிந்துவிடும். முடிந்துவிட்டால்கூடப் போதும். நாற்காலியில் இருந்தபடி, உரிந்த விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தபடி, இப்ப ஊதும், இப்ப ஊதும் என்று குருபிரசாத் காதைக் கொடுத்துக் காத்திருந்தான். எதிரே திரையில் எல்லா வரியிலும் பதினெட்டு என்று இருந்தது. அவற்றுக்கு நடுவே, வைத்த இடத்திலேயே, கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.